மூன்று விரல்களுக்கு அஞ்சலி

ஒரு வித்வான் காலமானால் ரஸிகர்கள் அவருடைய கச்சேரிகளை நினைத்துக் கண் கலங்குவது எங்கும் உள்ள வழக்கம். 2012-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ந் தேதி, அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்னும் பாஞ்சோ வித்வான் தமது 88-வது வயதில் காலஞ்சென்றபோது துக்கித்தவர்களில் எத்தனையோ பேர் வெறும் ரஸிகர்களல்லர். அவரைப் பார்த்து வாத்தியம் பழகியவர்கள். அவர்களில் அநேகரை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

பாஞ்சோ இன்னதென்று நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நமது கஞ்சிராவுக்கு நீண்ட கழுத்து முளைத்து, ஐந்து தந்திகளும் பூட்டினால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான் பாஞ்சோ. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தங்கள் நாட்டு வாத்தியங்களின் நினைவிலே உண்டாக்கியது அது. பிறகு வெள்ளைக்காரக் கூத்தாடிகள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, அம்மக்களைப் பரிகசிக்கும் ஆட்டங்களுக்கு அதை எடுத்துக் கொண்டார்கள். பரிகாசம் வாத்தியத்தையும் ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரக்ஸ் தலையெடுத்த காலத்தில், மேடைக்குப் பாஞ்சோ ஏந்தி வருகிறவர் என்றால் விதூஷகர் என்றே சபையோர் பெரும்பாலும் எண்ணினார்கள்.

அவர் 1924-இல் வட கரோலினாவில் ஷெல்பி என்ற ஊருக்கருகே ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். நான்கு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். லய சுத்தத்துக்காக அவரும் தமையனாரும் செய்த அப்பியாசம் ஒன்று உண்டு. இருவரும் வீட்டு வாசலில் ஒரு பாட்டைச் சேர்ந்து தொடங்கி, ஆளுக்கொரு திசையாக வீட்டைச் சுற்றி நடப்பார்கள். கொல்லைப்புறத்தில் சந்திக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்! பத்து வயதளவில் ஒருநாள், தமையனாரோடு சண்டையிட்டு ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்து பாஞ்சோவை மீட்டிக்கொண்டிருந்தார். கோபத்தின் நடுவே, தாம் மூன்று விரல்களால் வாசிப்பது திடீரென்று புலப்பட்டதாம். அந்தப் பிராந்தியத்தில் அவ்வாறு வாசித்தவர்கள் முன்னரும் இருந்தார்கள். ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் மாறிமாறி ஓடவிட்டு, ஸ்வரங்கள் அருவிபோல் இடைவிடாது விழச் செய்தவர் இவரே.

1945 டிசம்பரில், முன்னர் நூலாலையில் வேலை பார்த்திருந்த இவ்வாலிபரைப் பில் மன்ரோ தமது கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார். நாஷ்வில் ரைமன் மண்டபத்தில் அவர் வாசித்தபோது சபை ஆரவாரித்தது, சிரிக்கவில்லை. அந்தக் கோஷ்டியின் பெயரே பின்னர் 'புளூகிராஸ்' என்ற சங்கீத வகைக்கு வழங்கலாயிற்று. 1948-இல் அவரும் பாடகர் லெஸ்டர் பிளாட்டும் பிரிந்து தனிக் கோஷ்டி கண்டனர். மறு வருஷம் பதிவான 'பாகி மவுண்டன் பிரேக்டவுன்', 1967-இல் ஒரு சினிமாவில் ஒலித்து உலகெங்கும் பரவிற்று.

1969-இல் பிளாட்டைப் பிரிந்து தம் குமாரர்களோடு புது மாதிரியாக வாசிக்கத் தொடங்கியபோது, பழைய ரஸிகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்டனில் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துக் கூடிய மாபெருங் கூட்டத்திலும் அவர் வாசித்தார். அமெரிக்கக் கிராமிய சங்கீத உலகில் அவ்வளவு தூரம் துணிந்தவர்கள் மிகச் சிலரே.

உபாத்தியாயத் தொழிலில் உழலும் நமக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது 1968-இல் வெளியான அவருடைய போதினிப் புத்தகம். வித்தையின் நுட்பத்தைச் சொந்தப் பிள்ளைக்கும் சொல்லத் தயங்கும் வித்வான்களை நாம் அறிவோம். இவரோ இன்ன தந்தியை இன்ன விரலால் மீட்டுவது என்று அச்சிட்டே கொடுத்துவிட்டார்! அதற்கு முன்பு, இசைத்தட்டைப் பாதி வேகத்தில் சுழலவிட்டு, ஒவ்வொரு ஸ்வரமாகப் பொறுக்கிக் கற்றவர்கள் ஏராளம். இப்படிக் கற்றவர்கள் தங்கள் விரல் அசையுந்தோறும் அவரை நினைக்காதிருப்பது எங்ஙனம்?

ஏப்ரல் 1-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, 66 வருஷங்களுக்கு முன் சபை ஆரவாரித்த அதே ரைமன் மண்டபத்தில் இறுதி வழிபாடு நடந்தது. பொது ஜனங்களுக்கும் கதவு திறந்திருந்தது. ஆதியில் தேவாலயமாகக் கட்டப்பட்டதாகையால் அங்கே ஆசனங்களும் தேவாலய பெஞ்சிகளே. அன்றைக்கு அவை பொருத்தமாய் அமைந்தன.

சொந்த ஜில்லாவும் அவரை மறக்கவில்லை. ஷெல்பியின் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் 2014-இல் அவர் பெயரால் ஒரு காட்சிச் சாலை திறந்திருக்கிறார்கள். நீதிமன்றத்தைக் 'கச்சேரி' என்றே நம் பாட்டனார்கள் சொல்லி வந்தார்கள். ஷெல்பியில் அந்தச் சொல் இப்போது இரண்டு அர்த்தத்திலும் பொருந்தும்.