ஆரனோடு ஓடிய இரண்டு ரசிகர்கள்!

1974-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி. திங்கட்கிழமை இரவு.

அமெரிக்காவில் அட்லாண்டா நகர விளையாட்டு மைதானத்தில் எள் விழ இடம் இல்லை. 53 ஆயிரத்து 775 பேர் கூடியிருந்தார்கள். குளிர் அடித்தது. மேகம் மூடியிருந்தது. சிலர் குடையோடு வந்திருந்தார்கள். ஆனால் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே ஒரு மனிதர் மேல்தான் இருந்தது.

அவர் பெயர் ஹாங்க் ஆரன். வயது 40. கறுப்பர். சட்டையில் 44 என்ற எண்.

அவர் இன்னும் ஒரே ஒரு அடி அடிக்க வேண்டும். அடித்தால், 39 ஆண்டுகளாக யாராலும் தொட முடியாமல் இருந்த சாதனை முறிந்துவிடும்!

அந்தக் கூட்டத்தில் 17 வயதுப் பையன்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். இருவரும் வெள்ளையர்கள். நண்பர்கள். ஆட்டம் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் அன்று இரவு அவர்கள் செய்த ஒரு காரியம், உலகம் முழுவதும் படமாகப் போயிற்று. அவர்களுடைய உயிருக்கே உலை வைத்திருக்கவும் கூடும். அது அவர்களுக்கு அப்போது தெரியாது.

714

"பேஸ்பால்" ஆட்டம் நம் ஊர் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. ஒருவர் பந்தை எறிவார். எதிரே நிற்பவர் உருண்டையான மட்டையால் அடிப்பார். அடித்தவர் மைதானத்தின் நாலு மூலைகளையும் தொட்டுவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம்.

பந்து தரையில் படாமல் வேலியைத் தாண்டிப் போய்விட்டால், அதற்கு "ஹோம் ரன்" என்று பெயர். கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி. ஆனால் சிக்சர் போல அடிக்கடி கிடைக்காது. மைதானமே எழுந்து நிற்கும். அடித்தவர் நாலு மூலைகளையும் சாவகாசமாகச் சுற்றி வரலாம். யாரும் தடுக்க முடியாது.

பேப் ரூத் என்று ஒரு வெள்ளைக்கார வீரர் இருந்தார். அமெரிக்கர்களுக்கு அவர் கண்கண்ட தெய்வம். 1935-ம் ஆண்டு அவர் ஆட்டத்தை விட்டபோது, அவர் அடித்திருந்த "ஹோம் ரன்"கள் 714. இதை இனி யாரும் எட்டப் போவதில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ரூத் ஆட்டத்தை விடுவதற்கு ஓர் ஆண்டு முன்னால், 1934-ல், அலபாமா மாநிலத்தில் மொபைல் என்ற ஊரில் ஆரன் பிறந்தார். ஏழைக் குடும்பம். தந்தை கப்பல் கட்டும் துறையில் தொழிலாளி. பந்து வாங்கக் காசு கிடையாது. சோடாப் புட்டி மூடிகளைக் கம்பால் அடித்துப் பழகினார் சிறுவன் ஆரன். அந்தக் காலத்தில் பெரிய பேஸ்பால் குழுக்களில் கறுப்பர்களுக்கு இடமே கிடையாது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர்தான் அந்தக் கதவை உடைத்துத் திறந்தார். 1954-ல் ஆரன் பெரிய ஆட்டத்துக்கு வந்தார். அலட்டிக்கொள்ளாமல், ஆரவாரம் இல்லாமல், வருடத்துக்கு 30, 40 என்று அடித்துக்கொண்டே போனார்.

1973-ம் ஆண்டு முடிந்தபோது அவர் கணக்கு 713.

மூட்டை மூட்டையாகக் கடிதங்கள்

அந்த ஒரு வருடத்தில் ஆரனுக்கு வந்த கடிதங்கள் எத்தனை தெரியுமா? 9 லட்சத்து 30 ஆயிரம்! இது தபால் இலாகா சொன்ன கணக்கு.

வாழ்த்தியவர்கள் ஏராளம். ஆனால் வசைபாடியவர்களும் ஏராளம். "ரூத்தின் சாதனையை ஒரு கறுப்பன் தொடுவதா?" என்பதுதான் அவர்கள் ஆத்திரம். "சுட்டுக் கொன்றுவிடுவோம்" என்று எழுதினார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகளைக் கடத்தப் போவதாகவும் மிரட்டினார்கள். மத்தியத் துப்பறியும் போலீசார் விசாரணையில் இறங்கினார்கள்.

வெளியூர் போனால் ஆரன் மற்ற வீரர்களோடு தங்க முடியவில்லை. வேறு பெயரில், தனி அறை. சாப்பாடும் அறைக்குள்ளேயே. விளையாட்டு வீரனுக்கு வாய்த்த வாழ்வைப் பாருங்கள்!

அட்லாண்டா பத்திரிகை ஒன்றின் விளையாட்டு ஆசிரியர், ஆரன் கொல்லப்பட்டால் வெளியிட வேண்டிய இரங்கல் செய்தியையே ரகசியமாகத் தயார் செய்து வைத்திருந்தார் என்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆரனுக்குக் காவலாக அட்லாண்டா போலீஸ்காரர் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். சாதாரண உடையில் ரசிகர்களோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தொலைநோக்கிக் கண்ணாடி வைக்கும் தோல் பெட்டி இருக்கும். பார்ப்பவர்கள் அவரையும் ஒரு ரசிகர் என்றே நினைப்பார்கள். பெட்டிக்குள் இருந்தது கைத்துப்பாக்கி!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சொந்த ஊர் ரசிகர்களே முதலில் ஆரனைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. 1973 செப்டம்பரில் இதே மைதானத்தில் அவர் 711-வது அடியை அடித்தபோது, பார்க்க வந்தவர்கள் வெறும் 1,362 பேர். மற்ற இருக்கைகள் எல்லாம் காலி. உண்மையான ரசிகர்கள் அந்த 1,362 பேர்தான் என்று சொன்னால் தப்பில்லை.

9 மணி 7 நிமிடம்

1974 ஏப்ரல் 4-ந்தேதி, சின்சினாட்டி நகரில் ஆரன் 714-வது அடியை அடித்துவிட்டார். ரூத்தோடு சமம். இனி ஒன்றே ஒன்று. அதைச் சொந்த ஊரில் அடிப்பார் என்றுதான் ஏப்ரல் 8-ந்தேதி அவ்வளவு கூட்டம்! மாநில கவர்னர் ஜிம்மி கார்ட்டரும் வந்திருந்தார். (இவர்தான் பின்னால் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்.) ஆரனுடைய அப்பா, அம்மாவும் வந்திருந்தார்கள்.

எதிர்க் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். பந்து எறிந்தவர் ஆல் டவுனிங். அவரும் கறுப்பர். அவர் சட்டையிலும் எண் 44!

முதல் முறை ஆரன் மட்டையோடு வந்தபோது, டவுனிங் எறிந்த பந்துகள் அடிக்கும்படி வரவில்லை. அப்படி நாலு பந்து போனால், அடிக்காமலே முதல் மூலைக்குப் போகலாம் என்பது விதி. ஆரன் மட்டையை அசைக்காமலே நடந்து போனார். கூட்டம் டவுனிங்கைப் பார்த்து "ஊ... ஊ..." என்று கத்தியது. ஆரன் பிறகு ஓடி வந்து ஒரு ஓட்டம் எடுத்தார். அதுவும் ஒரு சாதனைதான். தேசிய லீக்கில் அதிக ஓட்டம் எடுத்தவர் என்ற பெயரை அது தேடித் தந்தது. ஆனால் அதை யார் கவனித்தார்கள்!

நாலாவது சுற்று. மறுபடியும் ஆரன். அட்லாண்டா குழு 3-1 என்று பின்தங்கி இருந்தது. முதல் மூலையில் அட்லாண்டா வீரர் ஒருவர் நின்றார்.

முதல் பந்து தரையில் விழுந்தது. மறுபடியும் "ஊ!"

இரண்டாவது பந்து. அன்று இரவு ஆரன் முதல் தடவையாக மட்டையைச் சுழற்றினார்.

"டக்!"

பந்து இடது பக்கம் எழும்பிப் பறந்தது. டாட்ஜர்ஸ் வீரர் பில் பக்னர் ஓடினார். வேலி மேலேயே ஏறினார். பலன் இல்லை. பந்து வேலியைத் தாண்டிவிட்டது. அங்கே மாற்றுப் பந்து வீச்சாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் டாம் ஹவுஸ் என்ற அட்லாண்டா வீரர் பந்தைக் கையில் பிடித்தார்.

715!

இரவு மணி 9-07. கரகோஷம் வானைப் பிளந்தது. வாண வேடிக்கை. வெடிச் சத்தம். ஆரன் தலை குனிந்தபடி, எப்போதும் போல் நிதானமாக ஓடினார். எதிர்க் குழு வீரர்களே கை கொடுத்தார்கள்.

யார் இவர்கள்?

அப்போதுதான் அது நடந்தது.

இரண்டாவது மூலையை ஆரன் தாண்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு உருவங்கள் ஓடி வந்தன. நீண்ட தலைமுடி. விளையாட்டுக்காரர்கள் அல்ல. போலீசார் அல்ல. அந்த இரண்டு பையன்கள்! தடுப்பைத் தாண்டிக் குதித்து, மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள்.

நெருங்கினார்கள். இரண்டு பக்கமும் வந்தார்கள். கையை நீட்டினார்கள்.

மேலே உட்கார்ந்திருந்த காவலருக்கு எப்படி இருந்திருக்கும்? எத்தனையோ மாதங்களாக, "சுடுவோம், சுடுவோம்" என்று கடிதங்கள். எதிர்பார்த்தது இந்த நிமிடத்தைத்தானே? பெட்டி பக்கத்தில். துப்பாக்கி உள்ளே. யோசிக்க இருந்தது சில விநாடிகள். கண்ணில் தெரிந்தது, கறுப்பரை நோக்கி ஓடும் இரண்டு வெள்ளையர்கள். கொல்ல வருபவனும் அப்படித்தான் ஓடி வருவான். கொண்டாட வருபவனும் அப்படித்தான் ஓடி வருவான்.

அவர் துப்பாக்கியை எடுக்கவில்லை.

பையன்கள் ஆரனின் தோளில் தட்டினார்கள். முதுகில் தட்டினார்கள். சிரித்துக்கொண்டே சில அடி தூரம் கூட ஓடினார்கள். ஆரன் முழங்கையால் லேசாக ஒதுக்கினார். ஓட்டத்தை நிறுத்தவில்லை. பையன்கள் விலகிப் போனார்கள். அவ்வளவுதான்.

"அன்றைக்கு நான் சுட்டிருந்தால்?" என்ற நினைப்பு அந்தக் காவலரை நெடுங்காலம் விடவில்லை.

ஆரன் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார். வீரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். அந்த நெரிசலை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே புகுந்தார். மகனைக் கட்டி அணைத்தார். அவர்தான் எஸ்டெல்லா, ஆரனின் தாயார். அம்மாவுக்கு இவ்வளவு பலமா என்று ஆரனே திகைத்துப் போனாராம். யாரும் மகனைச் சுட்டுவிடக் கூடாது என்றுதான் அம்மா அப்படி மறைத்துக்கொண்டார் என்று ஆரன் பின்னாளில் சொன்னார்.

டாம் ஹவுஸ் பந்தோடு ஓடி வந்து கொடுத்தார். அந்தப் பந்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் தருவதாகச் சொன்னவர்கள் உண்டு. ஹவுஸ் ஒரு காசுகூடப் பேரம் பேசவில்லை. ஆரனின் கண்ணில் நீரைப் பார்த்ததாக அவர் சொன்னார். ஆரன் ஒலிபெருக்கியில் பேசியது சில வார்த்தைகள்தான். ஒரு வழியாக இது முடிந்ததே, கடவுளுக்கு நன்றி என்றார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஆனால் பாதிக் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. அட்லாண்டா 7-4 என்று ஜெயித்ததைக் கடைசி வரை இருந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவர்களில் அந்த இரண்டு பையன்கள் இல்லை. அவர்கள் போலீஸ் காவலில் இருந்தார்கள்! மைதானத்துக்குள் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. ஒரு பையனின் தந்தை வந்து ஜாமீனில் எடுத்தார். பிறகு வழக்கு கைவிடப்பட்டது.

ஆரன் 1976-ல் ஆட்டத்தை விட்டார். அப்போது அவர் கணக்கு 755. அதை 2007-ல் பாரி பாண்ட்ஸ் என்பவர் தாண்டினார். அட்லாண்டா மைதானம் 1997-ல் இடிக்கப்பட்டது. பந்து விழுந்த இடத்தில் மட்டும் அடையாளம் வைத்தார்கள். ஆரன் 2021-ம் ஆண்டு ஜனவரி 22-ந்தேதி, தமது 86-வது வயதில் காலமானார்.

அந்தப் பையன்கள் வளர்ந்து, வேலை வெட்டி, குடும்பம் என்று ஆனார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆரனை நேரில் சந்தித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கை குலுக்கினார். அன்று இரவு தங்களைப் பார்த்து ஒருவர் துப்பாக்கியை எடுப்பதா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார் என்பது, அதற்குள் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.