கை விட்டால் என்ன ஆகும்?

சென்ற தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் தன் தாயாரோடு வீட்டுக்கு வந்திருந்தான். தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவன். இப்போது கோலாலம்பூரில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பத்துமலையில் பாறை ஏறுகிறானாம். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் 272 படிகளில் அல்ல. அதே சுண்ணாம்புக் குன்றின் மற்றப் பக்கங்களில், செங்குத்தான பாறையில் கயிறு கட்டி ஏறி, கயிற்றிலேயே இறங்குகிறார்கள். அடுத்து, பேராக்கில் ஒரு குகைக்குள் இறங்கப் போவதாகச் சொன்னான்.

பையிலிருந்து மூன்று உலோகத் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தான். மூன்றும் 8 என்ற எண்ணைப் போலவே இருந்தன. கயிற்றில் இறங்க உதவும் கருவிகள். "இதுல எது சார் நல்லது? குகைக்கு எதைக் கொண்டு போகலாம்?" என்று கேட்டான்.

அவன் தாயார் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏய்யா, இதுலயா தொங்குற? கை விட்டுப் போச்சுன்னா என்னா ஆவும்?" என்றார். மகன் சிரித்து மழுப்பினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் கேட்டதைவிடத் தாய் கேட்டதுதான் பெரிய கேள்வி. இரண்டுக்கும் விடை காண்போம்.

மரத்தில் சுற்றிய மாட்டுக் கயிறு

மிரண்டு ஓடும் மாட்டை வெறுங்கையால் இழுத்து நிறுத்த முடியாது. கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் பத்து வயதுப் பையனும் பிடித்துக்கொள்வான். மாட்டின் பலத்தில் பெரும்பகுதியை உராய்வு தாங்கிக்கொள்கிறது. மிச்சத்தைத்தான் பையனின் கை தாங்குகிறது. எட்டும் அந்த மரத்தைப் போன்றதுதான்.

கயிற்றை மடித்துப் பெரிய வளையத்துக்குள் நுழைத்து, சிறிய வளையத்தின்மேல் சுற்றிக் கழுத்தில் அமரச் செய்வார்கள். சிறிய வளையத்தை, இடுப்பிலும் தொடைகளிலும் அணிந்த வாரோடு பூட்டுள்ள கொக்கியால் இணைப்பார்கள். காராபினர் என்பது அந்தக் கொக்கியின் பெயர். கீழே தொங்கும் கயிற்றை ஒரு கை பிடித்திருக்கும். இறுக்கினால் நிற்கலாம், தளர்த்தினால் இறங்கலாம்.

இத்தகைய கருவிகள் இல்லாத காலத்தில் மலையேறிகள் கயிற்றைத் தொடையில் சுற்றி, மார்பின் குறுக்கே கொண்டு வந்து, தோள்மேல் போட்டு இறங்கினார்கள். ஜெர்மானிய மலையேறி ஹான்ஸ் டூல்ஃபர் (1892–1915) பெயரால் அம்முறை இன்றும் வழங்குகிறது. அதில் உடம்பே மரம். சட்டை கிழியும், தோலும் எரியும். அந்த வேதனையைத் தீர்த்த கருவிகளுள் எட்டும் ஒன்று.

மூன்று எட்டுகள்

முதலாவது, வட்டமான சாதாரண எட்டு. அலுமினியக் கலவையால் ஆனது. எடை ஏறக்குறைய 100 கிராம். விலை குறைவு. பழகுவது எளிது. ஒற்றைக் கயிற்றிலும் இரட்டைக் கயிற்றிலும் இறங்கலாம். குறைகளும் உண்டு. கயிற்றை முறுக்கிவிடும். பாறை விளிம்பில் இடித்தாலோ, கயிறு தளர்ந்தாலோ, கழுத்தில் இருக்கும் கயிறு நழுவிப் பெரிய வளையத்தின் தலையில் சுருக்காக விழுந்துவிடும். உடல் எடை அந்தச் சுருக்கை இறுக்கிவிடும். பிறகு மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. நடுவில் தொங்க வேண்டியதுதான்.

இரண்டாவது, பெரிய வளையம் சதுரமாக அமைந்த எட்டு. எடை அதேதான். அந்த மூலைகள் முறுக்கையும் சுருக்கையும் ஓரளவு குறைக்கின்றன. பாறை ஏறுகிறவர்களுக்கு வட்ட எட்டைவிட இது மேல்.

மூன்றாவது, பெரிய வளையத்தின் இருபுறமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய எட்டு. மீட்புப் பணியாளர்கள் பயன்படுத்துவது. கயிறு தலைக்கு ஏறாதபடி காதுகள் தடுக்கும். நடுவில் நிற்க வேண்டுமானால் கயிற்றைக் காதில் சுற்றிக் கட்டவும் உதவும். எடை மட்டும் சாதாரண எட்டைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். எஃகில் செய்ததும் உண்டு; தேய்மானம் குறைவு, பாரம் அதிகம்.

சூடு என்னும் எதிரி

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போல ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 மீட்டர் இறங்குகிறார். அந்த இறக்கத்தில் ஏறக்குறைய 29,400 ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. 30 பாகை சூட்டில் உள்ள அரைத் தம்ளர், அதாவது 100 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வர அது போதும்! அவ்வளவும் 100 கிராம் அலுமினியத்திலேயே தங்கினால், அதன் சூடு 300 பாகைக்குமேல் உயரும். நல்ல வேளையாக, பெரும்பகுதி கயிற்றிலும் காற்றிலும் கலந்துவிடுகிறது. ஆனால் விரைந்து இறங்கி, சுட்ட எட்டோடு ஒரே இடத்தில் நின்றால் என்ன ஆகும்? கயிறு நைலான், 220 பாகை அளவில் உருகும் வகையும் அதில் உண்டு. ஆகவே மெதுவாக இறங்குவதே முறை. படங்களில் வருவது போலப் பாய்ந்து பாய்ந்து இறங்குவது வீரமல்ல.

குகை வேறு, பாறை வேறு

குகைக்குள் கயிறு சேறும் மணலுமாக இருக்கும். அது மணல்தாள் போல அலுமினியத்தை அராவிவிடும். இறக்கம் நீளமானால் இன்னொரு தொல்லை. 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள 100 மீட்டர் கயிறு 6 கிலோவுக்குமேல் எடை இருக்கும். உச்சியில் அந்த எடையே கீழிருந்து இழுத்து நம்மை நகரவிடாது. இறங்க இறங்க எடை குறைந்து வேகம் கூடும். எட்டில் உராய்வை நடுவழியில் கூட்டிக் குறைப்பது எளிதல்ல. முறுக்கும் அங்கேதான் மோசம். பாறையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும்போது ஆள் பம்பரமாகச் சுழல நேரிடும்.

குகையில் கயிறு பாறையில் உராயாமல் இருக்க, நடுநடுவே வேறு இடங்களிலும் கட்டியிருப்பார்கள். அங்கெல்லாம் கருவியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். எட்டைக் கொக்கியிலிருந்து முழுதாகக் கழற்றினால்தான் கயிற்றை மாற்ற முடியும். சேற்றுக் கையில் வழுக்கி இருட்டில் விழுந்தால், அதோடு போயிற்று.

அதனால் குகையர்கள் பெரும்பாலும் வேறு கருவிகளை நாடுகிறார்கள். ஒன்று, ஏணி போலக் குறுக்குக் கட்டைகள் உள்ள 'ரேக்'. அமெரிக்கக் குகையர் ஜான் கோல் 1960களில் உருவாக்கியது. கட்டைகளைக் கூட்டியும் குறைத்தும் உராய்வை மாற்றலாம். நீண்ட இறக்கத்துக்கு ஏற்றது. மற்றொன்று 'பாபின்'. சுழலாத இரண்டு உருளைகளின் நடுவே கயிறு வளைந்து செல்லும். கயிற்றை முறுக்காது, வாரிலிருந்து கழற்றாமலே கயிற்றை மாட்டலாம். கைப்பிடியை விட்டால் தானே நிற்கும் வகையும் இதில் உண்டு. ஆனால் பயந்தவன் கைப்பிடியை விடமாட்டான், இன்னும் இறுக்கிப் பிடிப்பான். பழைய அமைப்புகளில் இறுக்கிப் பிடித்தால் வேகம் கூடும். இதை மறக்கக் கூடாது.

ஆக, மாணவனுக்கு விடை: சுத்தமான கயிற்றில், குறுகிய பாறை இறக்கத்துக்குச் சதுர எட்டு போதும். குகைக்கு பாபினோ ரேக்கோ பழகிக்கொண்டு போ.

தாயின் கேள்விக்கு விடை

கை விட்டால் என்ன ஆகும்? எந்த எட்டானாலும் ஆள் விழுவான். காது இருந்தாலும் சரி, எஃகானாலும் சரி. எட்டு தானாக நிறுத்தாது, நிறுத்துவது கை. அந்தக் கைக்குத் துணை வேண்டும்.

முதல் துணை, ஒரு மெல்லிய கயிற்று வளையம். எட்டுக்குக் கீழே பெரிய கயிற்றில் அதைச் சில சுற்றுகள் சுற்றி வாரோடு இணைத்தால், கை விட்டதும் அது இறுகிப் பிடிக்கும். அது எட்டைத் தொடாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். ஆஸ்திரியர் கார்ல் புருசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சு இவ்வகையில் புகழ்பெற்றது. இரண்டாவது துணை, கயிற்றின் நுனியில் ஒரு பெரிய முடிச்சு. கயிறு தரையை எட்டாவிட்டால் நுனி வழியாக நழுவி விழாமல் அது காக்கும். மூன்றாவது துணை, கீழே நின்று கயிற்றைப் பிடித்திருக்கும் ஓர் ஆள்.

இந்த மூன்றாவதை நாங்கள் செய்தே பார்த்தோம். வீட்டு மாமரக் கிளையில் கயிற்றைக் கட்டி, 25 கிலோ மணல் மூட்டையை எட்டில் மாட்டினோம். நுனியை மாணவன் பிடித்திருக்கும்வரை மூட்டை அசையவில்லை. விட்டான், தடாலென்று தரையில் விழுந்தது. தாயார் முகம் வாடியது. மறுபடி மூட்டையை ஏற்றி, இம்முறை கயிற்று நுனியை அவர் கையிலேயே கொடுத்தேன். தளர்த்தச் சொன்னேன், மூட்டை இறங்கியது. "இழுங்கக்கா!" என்றேன். இழுத்தார். பாதி வழியில் மூட்டை நின்றுவிட்டது. ஒரு கையாலேயே நிறுத்திவிட்டார்.

பிறகு முதல் எட்டை மறுபடி எடுத்து, அதிலிருந்த பள்ளத்தை நகத்தால் தடவிக் காட்டினார். "உளி இப்படித் தேஞ்சா நான் மாத்திடுவேன்" என்றார். கயிறு ஓடி ஓடி அரைத்த பள்ளம் அது, ஓரம் கூராகியிருந்தது. கூரான ஓரம் கயிற்றை அறுக்கும். அந்த எட்டை மகன் எங்கள் கண்ணெதிரிலேயே ஒதுக்கி வைத்தான்.

பெற்றோர்களே, இன்று பள்ளி முகாம்களிலும் கயிற்றில் இறங்கும் பயிற்சி நடக்கிறது. பிள்ளையைத் தடுக்க வேண்டாம், துணிவு வளரட்டும். இதைப் படித்துவிட்டுத் தானாகவே கயிறு கட்டி இறங்க மட்டும் விடாதீர்கள். பயிற்றுநரிடம் கூச்சப்படாமல் நான்கு கேள்வி கேளுங்கள். கை விட்டால் எது பிடிக்கும்? கயிற்று நுனியில் முடிச்சு உண்டா? கீழே யார் கயிறு பிடிக்கிறார்? கருவியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தெளிவாகப் பதில் சொல்பவரிடம் பிள்ளையை அனுப்பலாம். சிரித்து மழுப்புபவரிடம் வேண்டாம்.