திண்டிவனம் பிளாட்பாரத்தில் ஒரு பாடம்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராத்தியர் படைத்தளங்கள் என்ற அந்த வரிசையிலுள்ள 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை புதிய ரயில் பாதை, சுமார் 70 கி.மீ., அதற்கு வெகுகாலம் முன்பே 2006-07இல் ஒப்புதல் பெற்றது. உலக வரைபடத்தில் இடம் பிடித்த ஊருக்கு ரயில்வே அட்டவணையில்தான் இன்னும் இடமில்லை.

ஆகவே ரயில் பார்க்க ஆசைப்படும் செஞ்சிக்காரர் பஸ் ஏறித் திண்டிவனம் போக வேண்டும். போனால் வீண்போகாது. தென்மாவட்டங்களைச் சென்னையோடு இணைக்கும் போக்குவரத்தில் பெரும்பகுதி அந்தத் தண்டவாளங்களில்தான் ஓடுகிறது. 1977இல் மீட்டர் கேஜில் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸும் வரும். 2023இல் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத்தும் வரும்.

கொஞ்சம் பழகினால் வண்டியில் எழுதியிருப்பதை வைத்தே அதன் கதையைப் படிக்கலாம். முதலில் இன்ஜின். அதன் பக்கவாட்டில் உள்ள ‘டபிள்யூ’ என்ற எழுத்து 1,676 மி.மீ. அகலமுள்ள பிராட்கேஜைக் குறிக்கும். அடுத்து ‘ஏ’ வந்தால் மாறுதிசை மின்சாரம், ‘டி’ வந்தால் டீசல். மூன்றாவது எழுத்து ‘பி’ என்றால் பயணிகள் வண்டிக்கு, ‘ஜி’ என்றால் கூட்ஸுக்கு.

டபிள்யூஏஜி-9, டபிள்யூஏபி-7 இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் 6,000 குதிரைத்திறனுக்கு மேல், ஆறு மோட்டார்கள். முக்கிய வேறுபாடு பற்சக்கரத்தில் இருக்கிறது. கூட்ஸ் இன்ஜினில் மோட்டார் சுமார் ஐந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எக்ஸ்பிரஸ் இன்ஜினில் 3.6 சுற்றே போதும். மேட்டில் ஏறும்போது சைக்கிளில் கியர் மாற்றுகிற அதே கணக்கு: வேகத்தை விட்டுக்கொடுத்தால் இழுவை கிடைக்கும். 59 பெட்டி நிலக்கரியோடு நாலாயிரம் டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்த அந்த இழுவை வேண்டும். வந்தே பாரத்துக்கோ தனி இன்ஜினே இல்லை. பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் இருக்கின்றன.

இதே தடத்தில் ‘ஒய்’ என்று தொடங்கும் இன்ஜினும் ஓடியது. அந்த எழுத்து மீட்டர் கேஜுக்கானது. 1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை 25,000 வோல்ட் மின்கம்பி இழுத்தபோது ஜப்பானிலிருந்து ஒய்ஏஎம்-1 இன்ஜின்கள் வந்தன. மீட்டர் கேஜ் வண்டியை மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்தது இந்தியாவில் இந்தச் சென்னைப் பகுதி மட்டுமே. அகலப்பாதை வந்ததும் அந்த இன்ஜின்கள் ஓய்ந்தன.

கூட்ஸ் லூப் லைனில் ஒதுங்கி நிற்கும்போது அவசரப்படாமல் பெட்டிகளைப் படிக்கலாம். பாக்ஸ்என் திறந்த பெட்டி, நிலக்கரிக்கு. பிசிஎன் மூடியது; நெல், உரம், சிமென்ட் மூட்டைகளுக்கு. பிடிபிஎன் பெட்ரோல், டீசல் டேங்கர். கடைசியில் வரும் ‘என்’ காற்று பிரேக்கைச் சொல்கிறது.

வால் பகுதியையும் விடக்கூடாது. பயணிகள் வண்டியின் கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறி, கூடவே ‘எல்வி’ (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகை. அதைக் கண்டால்தான் வண்டி முழுதாக வந்துவிட்டது, வழியில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை என்று நிலைய ஊழியர் உறுதி செய்வார். கடந்துபோகும் சக்கர அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுண்டர்கள் வந்த பிறகும் அந்தப் பலகை போகவில்லை. நல்லதுதான்.

இவை எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது கூட்ஸ் பெட்டியின் 11 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் பெட்டி வகை, அடுத்த இரண்டு சொந்தக்கார ரயில்வே, அடுத்த இரண்டு தயாரான ஆண்டு, பிறகு நான்கு வரிசை எண். பதினோராவது இலக்கம் மற்றவற்றுக்குக் காவல். முதல் பத்து இலக்கம் 1006123456 என்று வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 18. மூன்றால் பெருக்கினால் 54. ஒற்றை இடங்களில் 10. மொத்தம் 64. அடுத்த பத்தின் மடங்கு 70, குறைவது 6. அதுவே கடைசி இலக்கம். எழுதுபவர் ஒரு இலக்கத்தைத் தப்பாகக் குறித்தால் கணக்கு உடைந்து தவறு வெளியே வந்துவிடும். பிஸ்கட் பாக்கெட்டிலுள்ள 13 இலக்க பார்கோடுக்கும் ஒன்று, மூன்று என்று மாறி மாறிப் பெருக்கும் இதே முறைதான்.