அரசாங்க மனையும் மாணாக்கர் வரைபடமும்

கட்டிடம் கல்லாலும் மண்ணாலும் எழுப்பப்படினும், அதன் பயன் அதனுட் புகுவோரைக் கொண்டே அளக்கப்படும். இவ்வுண்மை அரசாங்க மனைக்குப் பெரிதும் பொருந்தும். கடையொன்று பிடிக்காதவன் வேறு கடை நாடலாம். வரி செலுத்தவும் பிறப்புப் பத்திரம் பெறவும் வருபவனுக்கு வேறு வாயில் இல்லை. ஆதலின், பழைய அரசாங்க மனையொன்றை மக்கட்கு ஏற்றவாறு மீண்டும் வரையுமாறு கட்டிடக்கலை மாணாக்கர்க்கு அளிக்கப்படும் பயிற்சி குடியாட்சிப் பாடமுமாகும்.

அமெரிக்க நாட்டின் பொஸ்ரன் நகர மண்டபம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1962ஆம் ஆண்டுப் போட்டிக்கு வந்த 256 வரைபடங்களுள் காள்மன், மக்கினெல், நோல்ஸ் என்போரது வரைபடம் தெரிவுசெய்யப்பட்டது. மக்கினெல் அப்போது 26 வயதினர். மக்கள் மிகுதியாக வரும் பகுதிகளைக் கீழேயும், நகரபிதாவினதும் நகரசபையினதும் அறைகளை நடுவிலும், ஏனைய அலுவலகங்களை மேலேயும் அவர்கள் அமைத்தனர். ஆட்சி மக்கள் கண்ணுக்கு மறைவின்றி நடைபெற வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

நோக்கம் உயர்ந்ததாயினும், 1968இல் நிறைவெய்திய கட்டிடம் பலர்க்கு அச்சந்தரும் கோட்டையாகவே தோன்றிற்று. பூச்சில்லாக் கொங்கிறீற்றுச் சுவர்கள் இருண்டு நின்றன; உள்ளே வழி அறிவது அரிதாயிற்று. முன்றிலோ நிழல் குறைந்த செங்கற்பரப்பு. குளிர்காற்று தடையின்றி வீசிய அவ்விடத்தின் படிக்கட்டுகள் முதியோர்க்கும் சக்கர நாற்காலியினர்க்கும் இடராயின. 2006இல் நகரபிதா இக்கட்டிடத்தை விற்றுவிட்டு வேறிடம் பெயர எண்ணினார், அஃது ஈடேறவில்லை.

இத்தகைய கட்டிடத்தை இடித்துவிடலாமே எனின், அதற்கும் விலையுண்டு. சுண்ணக்கல்லை ஏறக்குறைய 1450 பாகை வெப்பத்திற் சுட்டே சீமெந்து ஆக்கப்படுகின்றது. எரிபொருளிலிருந்தும் கல்லிலிருந்தும் அப்போது கரியமிலவாயு வெளிப்படும். மனிதரால் உலகில் வெளியாகும் அவ்வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலினதே. நிற்கும் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவோர் முன்னர்ச் செலவிட்டதை வீணாக்கி, மீண்டும் அதே செலவை ஏற்கின்றனர். ஆகவே, எதனைக் காப்பது, எதனை மாற்றுவது எனப் பகுத்தறிதலே மாணாக்கரின் முதற் கடமை.

அதற்கு அவர்கள் வரைபலகையை விட்டு வாயிலுக்குச் செல்லல் வேண்டும். குழந்தையை ஏந்திய தாய் எங்கே காத்திருக்கின்றாள்? எழுதப் படிக்க அறியாதவன் எவரிடம் வழி வினவுகின்றான்? வெயிலும் மழைநீரும் எத்திசையில் வருகின்றன? இவற்றைக் கண்டறிந்த பின்னரே கோடு வரைதல் தகும்.

பொஸ்ரன் நகரம் இவ்வழியே சென்றது. புதுப்பிக்கப்பட்ட முன்றில் 2022இல் திறக்கப்பட்டது. படிகளுக்கு மாற்றாகச் சாய்வுப்பாதை அமைந்தது. புதிய மரங்கள் நடப்பட்டன. மழைநீர் நிலத்திற் சுவறும் தளமும் இடப்பட்டது. ஒருகால் விற்க எண்ணிய அக்கட்டிடமே 2025இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று.

இளங் கட்டிடக்கலைஞர் இதனாற் பெறும் பாடம் தெளிவானது. திறந்த ஆட்சி என்னும் கருத்தைக் கொங்கிறீற்றில் வடித்தல் மட்டும் போதாது. நடக்க இயலாதவனும் பிறர் உதவியின்றி அவ்வாயிலை அடைதல் வேண்டும்.