இறகைக் கடிக்கும் மீன்

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டுகிற வாகனம் எதுவும் நிற்காமல் போகாது. நாங்களும் நின்றோம். கற்பூரம் கொளுத்திவிட்டு அண்ணை இரண்டு சுருள் கச்சான் வாங்கினார். மோட்டார் சைக்கிளோடு சாரத்தில் சுற்றிக் கட்டியிருந்த தூண்டில் தடியைக் கண்ட கச்சான்கார அம்மா, "இரணைமடு அங்கால எல்லோ கிடக்கு?" என்றார். தூண்டிலோடு குளத்துக்கு முதுகு காட்டிப் போகிற ஆட்களை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார்.

நாங்கள் போனது நுவரெலியாவுக்கு. கனடாவிலிருந்து வந்த மருமகன் விட்டுப்போன தடி அது. கூடவே ஒரு சின்ன டப்பாவில் ஊசிமுனையளவு கொக்கிகள், ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய இறகு. அதைப் பார்த்ததும் அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுமாதிரி ஒண்டைத்தான் எங்கட தாத்தா துரைக்குப் பின்னால தூக்கிக்கொண்டு நடந்தவராம்" என்றார். அண்ணை பிறந்தது நுவரெலியாப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில். 1977 ஆகஸ்ட் கலவரத்தோடு குடும்பம் கிளிநொச்சிக்கு வந்தபோது அவருக்கு ஏழு வயது. கொழுந்துக் கூடை தூக்கிய கைகள் காடு வெட்டி மிளகாய் நட்டன. தாத்தா வன்னியிலேயே காலமானார்.

எங்கள் தூண்டில் வேறு. மூங்கில் தடி, தங்கூசி, ஈயக்குண்டு, மண்புழு. விராலுக்கென்றால் தாமரை இலைகளுக்கிடையே ஒரு குட்டித் தவளை. பாரம் இரைப்பக்கம் இருக்கும், வீசினால் தங்கூசி அதன் பின்னால் போகும். மருமகன் விட்டுப்போன ஈத்தூண்டிலில் எல்லாம் மறுவளம். இறகுக்குப் பாரமே இல்லை. கயிறுதான் தடிப்பாக, பாரமாக இருக்கும். தலைக்குமேல் முன்னும் பின்னுமாக அதை ஆட்டி, கடைசியில் ஒரு பூச்சி விழுகிற மாதிரி இறகைத் தண்ணீரில் இறக்கவேண்டும். வீட்டு முற்றத்தில் பழகிப்பார்த்தோம். முதல் நாள் மாமரத்தில் கொளுவியது. இரண்டாம் நாள் என் சட்டையில்.

ஏ-9 வீதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாங்குளம், ஓமந்தை, வவுனியா, தம்புள்ளை, வெயில். போர்க்காலச் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைக் கடக்கும்போது மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. கண்டிக்கு அப்பால் கம்பளை, புசல்லாவை. றம்பொடையில் வளைவுகள் தொடங்கியதும் அண்ணை நடுங்கத் தொடங்கினார். மலையில் பிறந்தவருக்கு முதலில் குளிர்ந்தது எனக்கு ஒரு சிரிப்பு.

நாங்கள் தேடிப்போன ட்ரவுட் இந்த மலைகளின் மீனல்ல. 1880களில் வெள்ளைக்காரர் அதன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடத் தங்கள் நாட்டு மீன் வேண்டும், அவ்வளவுதான். பழுப்பு ட்ரவுட் இங்கே நிலைக்கவில்லை, வானவில் ட்ரவுட் பெருகியது. 1896இல் இதற்கென்றே சங்கமும் வைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலை பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். 1988 முதல் அது தேசியப் பூங்கா, ஆகவே தடியை அறையிலேயே விட்டுவிட்டோம். இத்தனை தூரம் சுமந்தது பார்வைக்குத்தான் என்று வையுங்கள். பெலிஹுல் ஓயா அங்கே ஒரு பாய்ச்சலில் தாண்டக்கூடிய ஓடை. அண்ணை புல்லில் குந்திக்கொண்டு, "அசையாதை தம்பி" என்றார். கல்லின் பின்னால் ஒரு கருநிழல். ட்ரவுட்டாகத்தான் இருக்கவேண்டும். முகம் நீரோட்டத்தை எதிர்த்தபடி, வால் மட்டும் மெல்ல ஆடியது. இரையைத் தேடி அது அலையவில்லை. மேலே ஏதோ பூச்சி மிதந்து வந்தது. ஒரு சிறு வட்டம், பூச்சியைக் காணவில்லை.

"தாத்தா பிடிச்சுத் தின்னவரோ?" என்று கேட்டேன்.

"ஆர் விட்டது? அது பங்களாவுக்கு. லயத்துக்கு நெத்தலிக் கருவாடு."

திரும்பும் வழியெல்லாம் எனக்கு எங்கள் ஜப்பான் மீன்தான் நினைவில் நின்றது. திலாப்பியாவைத்தான் சொல்கிறேன். ஆபிரிக்க மீனுக்கு ஜப்பான் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ! அதுவும் வந்த மீன்தான். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள், சனம் தின்பதற்கென்றே. 1990இல் பௌத்த எதிர்ப்பால் அரசு நன்னீர் மீன்வளர்ப்பைக் கைவிட்டு, நான்கு வருடம் கழித்துத்தான் மறுபடி தொட்டது. அந்த மீனுக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பெருகியது. கடலுக்குப் போகமுடியாத நாள்களில் வன்னியில் எத்தனையோ சட்டிகளில் கொதித்தது அதுதான்.

வந்த மூன்றாம் நாள் பின்னேரம் அண்ணை கனகராயன்குளத்துக்குக் கூப்பிட்டார். டப்பாவிலிருந்த இறகை அவர் தொடவில்லை. வீட்டுச் சேவலின் கழுத்து இறகைச் சிவப்பு நூலால் கொக்கியில் கட்டி வந்திருந்தார். ஏழெட்டு வீச்சு வீணாயிற்று. ஒன்பதாவதோ பத்தாவதோ, கயிறு நேராக விரிந்து இறகு தண்ணீரில் அமர்ந்தது. குளம் சுருங்கி விரிந்தது.

உள்ளங்கையளவு ஜப்பான். கொக்கியைக் கழற்றியபோது சேவல் இறகு எச்சிலில் ஊறி, நூலோடு பிய்ந்து வந்தது.

"குழம்புக்குக் காணாது அண்ணை."

"பொரிக்கலாம்" என்று பையில் போட்டார்.