கழக்கூட்டத்திலிருந்து தவாங்குக்கு

கழக்கூட்டம் ரயில் நிலையத்தில் நில்லாமல் ஓடும் வண்டிகளில் விவேக் எக்ஸ்பிரஸும் ஒன்று. கன்னியாகுமரியில் புறப்பட்டு அசாமில் உள்ள திப்ரூகர் வரை போகிறது. 2011-ல் தொடங்கிய இந்த வண்டி ஓடும் தூரம் 4,000 கிலோ மீட்டருக்கும் அதிகம். கேரளத்தில் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கும் அசாம் பையன்கள் இதில்தான் ஊருக்குப் போய் வருகிறார்கள். ஒரு காலத்தில் நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்த மாதிரிதான்!

மூன்று இரவுகளை இந்த வண்டியில் கழித்தால் குவாஹாட்டி. அங்கிருந்து மலையேறினால் அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு மூலையில் தவாங். வடக்கே திபெத், மேற்கே பூட்டான். இந்தியாவிலேயே பெரிய பௌத்த மடாலயம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர் தனக்கே சொந்தம் என்று சீனா சொல்லிக்கொண்டிருக்கிறது.

சொந்த நாட்டில் அனுமதிச் சீட்டு

தவாங் போக நமக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் ‘இன்னர் லைன் பெர்மிட்’ வேண்டும். 1873-ல் வெள்ளைக்காரன் போட்ட ஒழுங்குமுறையிலிருந்து வந்த வழக்கம் இது. விண்ணப்பத்தை இப்போது கணினி மூலமே அனுப்பலாம். அடையாள அட்டையும் போட்டோவும் இருந்தால் போதும். பிரதி இரண்டு கையில் இருப்பது நல்லது. பாலுக்போங் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி.யில் வடகிழக்குப் பயணத்துக்குத் தனிச் சலுகை பல முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தற்போதைய நிலையை ஆபீசில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

குவாஹாட்டியிலிருந்து தேஜ்பூர், பொம்டிலா, திராங் வழியாகப் பாதை செல்கிறது. ஒரே நாளில் போய்விட நினைக்க வேண்டாம். திராங்கில் ஒரு இரவு தங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகும். அதற்கு மேல் சேலா கணவாய், 13,700 அடி. பனி பெய்தால் முன்பெல்லாம் அங்கே பாதை அடைபட்டுப்போகும். 2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தக் கஷ்டம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் பழைய வழியாகக் கணவாய்க்கே போய் அந்த ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். மூச்சு வாங்கியது, வருத்தமில்லை.

சாப்பாடு? சாம்பாரை மறந்துவிட வேண்டும். துக்பா என்கிற சூடான நூடுல்ஸ் சூப் கிடைக்கும். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரை முதல் மடக்கில் துப்பத் தோன்றும். மூன்றாவது மடக்கில் குளிருக்கு இதுதான் சரி என்று புரியும்.

பிறந்த ஊரால் வந்த வழக்கு

மடாலயம் 1680-81-ல் மேராக் லாமா கட்டியது. மோன்பா மக்களின் இந்த ஊர்ப்பக்கத்தில்தான் 1683-ல் ஆறாவது தலாய் லாமா பிறந்தார். சீனாவின் வாதத்துக்கு இதுவே பிடிமானம். தலாய் லாமா பிறந்த ஊர் திபெத்தாகத்தானே இருக்க வேண்டும், திபெத் எங்களுடையதாயிற்றே என்கிறார்கள். 1914 சிம்லா மாநாட்டில் திபெத்தின் பிரதிநிதியே மக்மகான் கோட்டை ஒப்புக்கொண்டார் என்பது நம் பக்கம். கையெழுத்துப் போட திபெத்துக்கு உரிமையே இல்லை என்கிறது சீனா.

ஆனாலும் லாசாவின் ஆட்கள் வெகுகாலம் அங்கே வரி வசூலித்து வந்தார்கள். 1951 பிப்ரவரியில் மேஜர் பாப் காத்திங், அசாம் ரைபிள்ஸ் வீரர்களோடு சென்று இந்திய நிர்வாகத்தை நிறுவினார். 1959-ல் லாசாவிலிருந்து தப்பி வந்த இன்றைய தலாய் லாமா இந்த வழியாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தார். தவாங் இந்தியாவைச் சேர்ந்தது என்று 2008-ல் அவரே சொல்லிவிட்டார்.

1962 அக்டோபரில் சீனப் படை தவாங்கைப் பிடித்தது. நவம்பரில் சேலாவும் விழுந்தது. பிறகு தானாகவே திரும்பிப் போனார்கள். அந்தப் போர்முனையில் மாண்ட 2,420 பேரின் பெயர்கள் தவாங் நினைவுத் தூபியில் பொறிக்கப்பட்டுள்ளன. நம் கழக்கூட்டம் சைனிக் பள்ளி தொடங்கியதும் அதே 1962-ல்தான்.

வழக்கு முடியவில்லை என்பதை அங்குள்ள பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குத் தேர்வான அருணாசல வூஷு வீராங்கனைகள் மூவர் சீனாவுக்குள் போக முடியவில்லை. வருஷக்கணக்கில் பயிற்சி செய்த பெண்கள் பிறந்த ஊர் காரணமாக வீட்டில் உட்கார்ந்தார்கள். நம்மை அனுமதிச் சீட்டுக்காக ஒரு மணி நேரம் காக்க வைத்தால் முணுமுணுக்கிறோமே!

நினைவுத் தூபியருகே நான் பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து தமிழ்க் குரல். “எந்த ஊரு அண்ணாச்சி?”

விடுப்பில் இருந்த ஜவான். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கழக்கூட்டத்தில் வேலை என்றேன். முகம் மலர்ந்தது.

“தெரியும். லீவுல ஊருக்குப் போகும்போது பார்ப்பேன். அங்க நம்ம வண்டி நிக்காதுல்லா?”