கணிப்பொறிக் கணக்கும் நுண்படச் சுருளும்



ஓர் ஏடு மடிவதற்கு முன் அதனைப் பிறிதோர் ஏட்டிற் பெயர்த்தெழுதிவிட வேண்டுமென்பது நம் முன்னோர் போற்றிய நியதியாகும். செல்லரித்த சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் தொண்டும் அவ்வழிப்பட்டதே. இன்றோ, வங்கிக் கணக்கும் காணிப் பதிவும் பரீட்சைப் பெறுபேறும் கணிப்பொறிக்குள் அடங்கிவிட்டன. அவற்றை நெடுங்காலம் காப்பது எங்ஙனம்?

கணிப்பொறியின் நாடாவும் தட்டும் மனிதக் கண்ணுக்குப் புலப்படும் எழுத்தைத் தாங்குவன அல்ல. அவற்றைப் படிப்பதற்கு உரிய பொறி வேண்டும். அப்பொறி வழக்கொழிந்தால், நாடா நன்னிலையில் இருந்தும் பயனில்லை.

இக்குறையை நீக்க உதவும் ஒரு முறை 1950களில் அமெரிக்காவில் உருவாயிற்று. கணிப்பொறி தரும் எழுத்துகள் கதோட்டுக் கதிர்க் குழாயின் திரையில் ஒளியாகத் தோன்றும். எதிரே நிற்கும் புகைப்படக் கருவி அவற்றைப் பக்கம் பக்கமாகச் சிறுத்துப் படம் பிடிக்கும். இடையிற் காகிதம் என்பதே இல்லை. நீண்ட சுருளாக அமைவது மைக்ரோபிலிம். அஞ்சலட்டையளவு தகடாக அமைவது மைக்ரோபிஷ். 105 மில்லிமீற்றர் அகலமும் 148 மில்லிமீற்றர் நீளமுமுள்ள ஒரு தகட்டில், 42 மடங்கு சிறுத்து, 208 பக்கங்களை அடக்கலாம். படிப்பதற்கு ஒரு விளக்கும் உருப்பெருக்கும் வில்லையும் போதும்.

ஆயினும், இதற்கும் குறைகள் உண்டு. வேண்டிய சொல்லைக் கணிப்பொறி நொடியில் தேடித் தரும்; சுருளிலோ நாமே தேட வேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரமும் வெப்பமும் பிலிமுக்குப் பகை. பழைய அசற்றேற்றுப் பிலிம் அவ்வாறான இடத்தில் வினாகிரி நாற்றம் வீசிச் சிதையும். பொலியெஸ்தர்ப் பிலிமை முறையாகக் கழுவி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்தால், 500 ஆண்டுகள் வரை நிலைக்குமென மதிப்பிடுவர்.

பிரதியின் அருமையை நமக்கு உணர்த்தியது ஒரு பேரிழப்பு. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பராயின. வேறிடத்திற் பிரதியுள்ள நூலை மீண்டும் தேடிப் பெறலாம். தனிப்பிரதியாய் இருந்தது போனது போனதே.

சென்னையில் 1994ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் அச்சு நூல்களை நுண்படச் சுருளிற் பதித்தது. 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களைக் கணிப்பொறிப் படங்களாகத் தொகுத்து வருகின்றது. முன்னது நிலைபேறு தரும்; பின்னது எவரும் எளிதிற் காண உதவும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று, துணையே. வடதுருவத்தை அண்டிய சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கமொன்றினுள் 2017ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற காப்பகம், கணிப்பொறித் தரவுகளைப் பிலிமிலேயே பதித்து வைப்பதும் இக்கருத்துப் பற்றியே.

ஆதலின் நேயர்களே, கொட்டாஞ்சேனைத் தேவாலயமொன்றின் ஞானஸ்நானப் பதிவேடாயினும், வெள்ளவத்தைப் பாடசாலையொன்றின் மாணவர் சேர்வு இடாப்பாயினும், கணிப்பொறியில் ஏற்றிவிட்டோமென்று மூல ஏட்டை எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதி கணிப்பொறியில் இருக்கட்டும். இயலுமாயின் ஒன்று பிலிமில் இருக்கட்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் மட்டும் இருத்தலாகாது.